மூன்று பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு சான்றிதழ்

முதலுதவிச் சான்றிதழ் நேற்றுக் கையில் கிடைத்தது. "மூன்று பிள்ளை வளர்த்த உங்களுக்கு இது எதுக்கு அக்கா?" என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

வகுப்பில் கைக்குழந்தை அளவு பொம்மை ஒன்றைத் தந்தார்கள். தொண்டையில் ஏதும் அடைத்தால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பிறகு திருப்பி, நெஞ்சில் 5 அழுத்து. எனக்குக் கை நடுங்கியது. மூத்தவனுக்கு எட்டு மாதத்தில் தோடம்பழச் சுளை தொண்டையில் அடைத்தபோது, நான் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். கண்ணுக்குத் தெரியாததை அப்படித் துழாவவே கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். அன்று பிள்ளை தப்பியது கடவுள் புண்ணியம்.

இனி மற்றவர்களின் பிள்ளைகளையும் என் வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறேன். ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமலே வீட்டில் 5 பிள்ளைகள் வரை பார்க்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் 3 பேருக்கு மேல் கூடாது. ஆனாலும் நான் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ்தான் சேர்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அதுதான் வேண்டும்.

ஸ்காபரோ அம்மாமாரே, பிள்ளையை ஒருவரிடம் விடும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்க முதல், முதலுதவி படித்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.