நீல அட்டை

2010 ஜனவரியில் மத்திய அரசு 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தகுதியைப் பறிக்கப்போவதாக உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அவற்றில் 16 தமிழ்நாட்டில் இருந்தன. தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் மட்டும் இரண்டு. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய வீடுகளில் அன்று ஒரே கேள்விதான்: "அப்ப டிகிரி செல்லாதா?" இருக்கும் நிலையே தொடரட்டும் என்று நீதிமன்றம் சொன்னதும் பதற்றம் அடங்கியது. கல்லூரியின் பெயருக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் டெல்டாவில் இன்னும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

குறுவை வயலில் வேலை நடக்கும் நாட்களில்தான் பொறியியல் கலந்தாய்வும் வரும். சென்ற ஆண்டு பாபநாசம் பக்கமிருந்து சித்தப்பா ஒரு கல்லூரி நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு போன் செய்தார்.

"ஏஐசிடிஇ அப்ரூவ்டு, நாக் ஏ பிளஸ், என்பிஏ எல்லாம் போட்டிருக்கான். பாப்பாவ சேத்துடலாம்லடா தம்பி?"

மூன்றும் வேறு வேறு. ஏஐசிடிஇ ஒப்புதல் என்பது கல்லூரி நடத்த அனுமதி, கடைக்கு லைசென்ஸ் மாதிரி. நாக் தருவது மொத்தக் கல்லூரிக்கான கிரேடு. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்காது.

"ஆடுதுறை 43 வெத வாங்கறப்ப எதப் பாப்பீங்க சித்தப்பா, கடையையா?"

"அட்டையத்தான். நீல அட்டை."

சான்று விதை மூட்டையில் தைத்திருக்கும் அந்த அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனைத் தேதி எல்லாம் இருக்கும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லும். என்பிஏவும் அப்படித்தான்: மூன்று அல்லது ஆறு ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். வாசலில் வைத்த பேனர் மட்டும் அப்படியே நிற்கும். எந்தப் பிரிவுக்கு, எதுவரை என்பதை என்பிஏ இணையதளத்தில் பார்க்கலாம்.

பார்த்தோம். அங்கீகாரம் சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும். தங்கச்சி கேட்டதோ ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். இரண்டு பேட்ச் படித்து வெளியே வந்த பிறகுதான் ஒரு பிரிவு என்பிஏவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். நான்கு வருடப் படிப்புக்கு அதுவே குறைந்தது ஐந்து வருடம். புதுப் பிரிவில் அட்டை இல்லை என்றால் விதை கெட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் பரிசோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நோட்டீஸில் பொய் இல்லை. எந்தப் பிரிவுக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

"வெத முளைக்கலன்னா அடுத்த போகம் பாத்துக்கலாம். இதுக்கு?" என்றார் சித்தப்பா.

அட்டையும் முழு உத்தரவாதம் இல்லை. சான்று நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்புத்திறன் வேண்டும். மகசூல் எவ்வளவு என்று அட்டை சொல்லாது. அட்டை தருபவர்கள் மீதே சந்தேகம் வருவதும் உண்டு. நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரை சிபிஐ கைது செய்தது.

அதற்காக அட்டையைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்க முடியாது. எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை, எத்தனை பேட்ச் வெளியே வந்தது என்ற மூன்று கேள்விகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்பது இவற்றில் எதற்கும் பதில் இல்லை. வெளியே வந்த பிள்ளைகள் இரண்டு பேரிடம், லேபில் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். அது எந்த அட்டையிலும் இருக்காது.