விம்கோ நகர் வீட்டு வரி: மதிப்பும் விகிதமும்

கடல் கடந்த மடல் – ஸ்கார்பரோ, கனடா

சொத்து வரி இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. ஒன்று, கட்டடத்துக்கு உள்ளாட்சி அமைப்பு குறிக்கும் மதிப்பு. மற்றொன்று, அந்த மதிப்பில் எத்தனை சதவீதம் வரி என்று சொல்லும் விகிதம். வீட்டுக்காரர் கைக்கு வருவது பெருக்கி முடித்த தொகை மட்டுமே. தொகை கூடும்போது, மதிப்பு ஏறியதால் கூடியதா, விகிதம் ஏறியதால் கூடியதா என்பது சீட்டைப் பார்த்து எளிதில் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் விகிதம் அசையாமல் நிற்க, மதிப்பு பல ஆண்டு உறங்கிவிட்டு ஒரே நாளில் தாவுகிறது. கனடாவின் டொராண்டோவில் மதிப்பு பத்தாண்டுகளாக உறைந்து கிடக்க, விகிதம் ஆண்டுதோறும் ஏறுகிறது. இரண்டு ஊரிலும் சிறிய வீட்டுக்காரர் படும் சிரமம் ஒன்றே. அதன் காரணங்கள் வேறு.

சென்னை மாநகராட்சியின் கணக்கு வாடகை மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் உண்டு. பழைய மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்புகளுக்கு இது 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. இதைக் கட்டடப் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு கிடைக்கும். உரிமையாளரே குடியிருந்தால் அதில் 25 சதவீதம் கழியும். வாடகைக்கு விட்டிருந்தால் 10 சதவீதம். பழைய கட்டடமானால் வயதுக்கேற்ற தேய்மானமும் உண்டு. மீதியை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. 12 மாத வாடகையில், கட்டடப் பங்கிலிருந்து பராமரிப்புக்கென ஒரு பகுதி கழிந்ததால்தான் 12 என்பது 10.92 ஆனது. ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால், பொது வரி, கல்வி வரி, நூலக வரி எல்லாம் சேர்ந்து அரையாண்டுக்கு 12.4 சதவீதம்.

800 சதுர அடியில் ஒரு புதிய வீடு, அடிப்படை விகிதம் 1 ரூபாய், உரிமையாளரே குடியிருக்கிறார் என்று கொள்ளலாம். மாத மதிப்பு 800. கழிவு போக 600. ஆண்டு மதிப்பு 6,552. அரையாண்டு வரி, 2022 உயர்வுக்கு முன், ஏறத்தாழ 812 ரூபாய். இதே ஆண்டு மதிப்பின் மேல்தான் குடிநீர் வாரியமும் ஆண்டுக்கு 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி விதிக்கிறது. ஆண்டு மதிப்பு ஓர் இடத்தில் உயர்ந்தால் அதன் பாரம் இரண்டு சீட்டில் இறங்கும்.

இந்த மதிப்புக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. வழிகாட்டி மதிப்பு 2017இல் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்கு ஏற்றப்பட்டது. அது வாங்குவோர், விற்போர் கவலை. விற்காமல் குடியிருப்பவரின் வீட்டு வரி அதனால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சந்தையில் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்பதை வரிக் கணக்கு நாள்தோறும் பார்ப்பதில்லை. பொதுச் சீராய்வு வரும்போதுதான் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது.

அந்தச் சீராய்வின் வரலாற்றில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. சென்னையில் 1998இல் பொதுச் சீராய்வு நடந்தது. மாநிலத்தின் மற்ற நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 2008இல் நடந்தது. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. விம்கோ நகர் அதற்குள் அடங்கியது. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னையோடு இணைந்தன. மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூர் முதலாம் மண்டலம் ஆனது. நிர்வாகம் ஒன்றானது, வரியின் அடிப்படை ஒன்றாகவில்லை. பழைய எல்லைக்குள் இருந்த இராயபுரத்து வீட்டின் மதிப்பு 1998இல் நின்றது. விம்கோ நகர் வீட்டின் மதிப்பு 2008இல் நின்றது.

2018இல் மாநில அரசு ஓர் உயர்வை அறிவித்தது: குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரை. எதிர்ப்பு வலுத்தது, 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, கூடுதலாகக் கட்டிய பணம் பின்வந்த வரிகளில் ஈடுகட்டப்பட்டது. பிறகு 2022 ஏப்ரல் தொடக்கத்தில் இன்றைய உயர்வு வந்தது. பழைய சென்னை எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011இல் இணைந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100. இணைந்த பகுதிகளுக்குச் சலுகை காட்டியதுபோல் தோன்றினாலும், அவை 2008இலேயே ஒருமுறை உயர்வைச் சந்தித்திருந்தன. மேலே சொன்ன 812 ரூபாய்ச் சீட்டு இராயபுரத்தில் 1,422 ஆகும். விம்கோ நகரில் 1,219 ஆகும்.

உயர்வின் அளவைவிட அது வந்த விதமே பெரிய குறை. 14 ஆண்டுகளில் 50 சதவீதம் என்பது, ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கும் குறைவாக ஏற்றியிருந்தாலே வந்து சேரும் அளவு. 24 ஆண்டுகளில் 75 சதவீதம் என்பது ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்தைக்கூட எட்டாது. உச்சப்படியான 150 சதவீதமும் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குள் அடங்கும். விலைவாசி ஏறிய வேகத்தோடு ஒப்பிட்டால் இவை சிறிய எண்கள். ஆண்டுதோறும் செய்ய வேண்டியதைத் தேர்தல் பயத்தில் தள்ளிப்போட்டு, ஒரே அரையாண்டில் இறக்கியதால்தான் அது தண்டனையாகத் தெரிந்தது. தள்ளிப்போட்ட ஆண்டுகளில் மாநகராட்சி இழந்ததும் கொஞ்சமல்ல. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் மழைநீர் வடிகால் தூர்வாரவும் உள்ளூரில் எழும் முக்கிய வருவாய் இந்த வரிதான்.

2022இல் வரியில் கைவைக்க அரசைத் தள்ளியதும் வெளியிலிருந்து வந்த நிபந்தனைதான். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற, மாநிலங்கள் சொத்து வரிக்கு ஓர் அடிமட்ட விகிதத்தை அறிவிக்க வேண்டும், வரி வருவாய் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு இணையாக வளர வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு சொல்லியிருந்தது. அதையொட்டி, ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, எது அதிகமோ அந்த அளவுக்கு வரி ஏறலாம் என்ற விதி வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் இயற்றியது. 1,219 ரூபாய்ச் சீட்டு 1,292 ஆனது. சிறுகச் சிறுக ஏறுவது நல்லதே. ஆனால் ஆண்டு தவறாமல் 6 சதவீதம் ஏறினால் வரி 12 ஆண்டில் இரட்டிப்பாகும். தெருவின் நிலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே 6 சதவீதம் என்பது மதிப்பீடு ஆகாது. அது விகித உயர்வின் மறுபெயர்.

தெருவின் நிலை மாறுவதை விம்கோ நகரைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வடசென்னையில் குறைவு. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கும் இந்தப் பகுதி, என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், அசோக் லேலண்ட் ஆலைகளின் தொழிலாளர் குடும்பங்களால் வளர்ந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் பாதை திறக்கப்பட்டது. 2022 மார்ச்சில் பணிமனை நிலையமும் சேர்ந்தது. புறநகர் மின்ரயில் மட்டுமே இருந்த ஊருக்கு விமான நிலையம் வரை நேர்ப்பாதை கிடைத்தது. மெட்ரோ நிலையத்தை அடுத்த மனைக்கு மதிப்பு கூடுவது எந்த நகரிலும் நடப்பது. பணிமனை நிலையம் திறந்த அடுத்த மாதமே வரி உயர்வு அறிவிப்பும் வந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று பலர் எண்ணினார்கள். தொடர்பு இல்லை. நிலையத்தை ஒட்டிய வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிய வீட்டுக்கும் ஒரே சதவீதம்தான்.

மதிப்பை இறக்கும் காரணங்களும் இதே நிலப்பரப்பில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்தத் தெருக்களில் வாடகை எப்படியானது என்பதை வரிக் கணக்கு கேட்கவில்லை. நல்லதால் ஏறாத மதிப்பு கெட்டதால் இறங்கவும் இல்லை. வாடகையின் பெயரால் நடக்கும் கணக்கு வாடகையைப் பார்க்காமலே நடக்கிறது.

டொராண்டோவின் அனுபவம் இங்கு உதவும். அங்கும் ஒரு பெரிய இணைப்பு நடந்தது: 1998 ஜனவரி 1 அன்று, தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ உட்பட ஆறு நகராட்சிகள் ஒரே மாநகரமாயின. பழைய டொராண்டோவில் அதுவரை 1940களின் மதிப்பே வரிக்கு அடிப்படையாக இருந்தது. அதே 1998இல் ஒண்டாரியோ மாகாணம் முழுவதும் சந்தை மதிப்புக்கு மாறியது. மதிப்பிடும் வேலை நகரத்திடம் இல்லை. மாகாண அளவிலான எம்பேக் என்ற தனி நிறுவனத்திடம் இருக்கிறது. நகரம் தனக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதை மொத்த மதிப்பால் வகுத்து விகிதத்தைக் காண்கிறது. மதிப்பு ஊரெங்கும் ஒரே அளவில் ஏறினால் விகிதம் இறங்கும், தொகை மாறாது. சராசரியைவிட அதிகம் ஏறிய வீடு கூடுதலாகவும், குறைவாக ஏறிய வீடு குறைவாகவும் கட்டும். 2009 முதல், மறுமதிப்பீட்டில் வந்த ஏற்றம் நான்கு ஆண்டுகளில் பிரித்துச் சுமத்தப்பட்டது; இறக்கம் உடனே தரப்பட்டது.

அந்த ஏற்பாடும் இடையில் நின்றுபோனது. பெருந்தொற்றால் மறுமதிப்பீடு தள்ளிப்போக, 2025ஆம் ஆண்டு வரியும் 2016 ஜனவரி 1 மதிப்பின் மேலேயே கணக்கிடப்பட்டது. மதிப்பு அசையாததால் நகரம் விகிதத்தின் வழியே பணம் தேடியது: 2024இல் குடியிருப்புகளுக்கு 9.5 சதவீத உயர்வு, 2025இல் 6.9. அங்கு ஒன்று மட்டும் தெளிவு: ஏற்றியது மாநகர மன்றம், எதற்காக என்பது வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கிறது, கேள்வி கேட்க முகம் தெரிகிறது. கலிபோர்னியா வேறு வழி சென்றது. 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, வரியை 1 சதவீதத்திலும் மதிப்பின் ஏற்றத்தை ஆண்டுக்கு 2 சதவீதத்திலும் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்போதுதான் சந்தை மதிப்பு வரும். முதியோர் வீட்டைக் காத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய இளையவர் பல மடங்கு கட்டினார்.

சுமை எங்கே அழுத்துகிறது என்பது முக்கியம். வீட்டின் மதிப்பு ஏறினாலும் குடியிருப்பவர் வருமானம் அதனோடு ஏறுவதில்லை. ஆலைத் தொழிலாளருக்கான 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாயாகவே நிற்கிறது. அதை நம்பி வாழும் ஒருவருக்கு, மேலே கண்ட 800 சதுர அடி வீட்டின் ஆண்டு வரி இரண்டரை மாத ஓய்வூதியம். டொராண்டோவில் வருமானம் குறைந்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வரி உயர்வைத் தள்ளிவைக்கவோ நீக்கவோ விண்ணப்பிக்கலாம். சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆலைக்கு உடலைக் கொடுத்துக் கட்டிய வீட்டில் முதுமையைக் கழிப்பவரை மெட்ரோ வந்த பெருமைக்காக வெளியேற்றும் வரி நியாயமான வரி ஆகாது.

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊரில் வீடு வைத்திருப்போருக்கும் இதில் கடமை உண்டு. வரி ஏப்ரல், அக்டோபர் என இரண்டு அரையாண்டுகளில் விழுகிறது. முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. பெற்றோர் காலமான பின் சொத்து வரியில் பெயர் மாற்றாமல் விடுவதும், தந்தை குடியிருந்தபோது பெற்ற 25 சதவீதக் கழிவை வாடகைக்கு விட்ட பின்னும் தொடர்வதும், மாடி எழுப்பிவிட்டுப் பரப்பைத் திருத்தாமல் இருப்பதும் பரவலான பழக்கங்கள். இப்படிக் குறையும் தொகை பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும். பரப்போ பயன்பாடோ தவறாகப் பதிவாகியிருந்தால் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் திருத்தம் கேட்கலாம்; மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

மாறும் சந்தையில் நேர்மையான வரிக்கு நான்கு தேவைகள் உண்டு. மதிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உண்மையான வாடகையைப் பார்த்து, தெருவாரியாக ஏறவும் இறங்கவும் வேண்டும். மதிப்பிடுபவரும் விகிதம் வைப்பவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் பரப்பு, அடிப்படை விகிதம், கழிவு, ஆண்டு மதிப்பு, சதவீதம் ஆகிய ஐந்தும் அச்சாக வேண்டும். வருமானம் குறைந்தவருக்குத் தள்ளிவைக்கும் உரிமை வேண்டும். இவற்றுள் மூன்றாவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. அடுத்த அரையாண்டுச் சீட்டிலேயே மாநகராட்சி தொடங்கிவிடலாம்.