அம்மா நிழலில் காய வைத்த ஸ்டார்

வரிச்சிக்குடியில எங்க வீட்டு வாசல்ல ஒவ்வொரு டிசம்பரும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டார் தொங்கும். அப்பா துபாய் கிளம்புறதுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வாங்கினது. அப்போ நான் ஆறாங்கிளாஸ்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா முடிஞ்சதும் அம்மா அதை இறக்கிடுவாங்க. பல்பு, ஒயர் எல்லாம் கழற்றிட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச பழைய பனியன் துணியால துடைப்பாங்க. நார் போட்டுத் தேய்ச்சா கீறல் விழும், அதுல அழுக்கு உட்காரும். கடல் காத்துல படிஞ்ச உப்பு போக, நல்ல தண்ணியில இன்னொரு தடவை. அப்புறம் நிழல்ல காய வச்சு, வேட்டித் துணியில சுத்தி, கட்டிலுக்கு அடியில வச்சிடுவாங்க.

இந்த வருஷம் அம்மாவுக்குக் கை வலி. "நீ பாத்துக்கடா"ன்னாங்க. ப்ராஜெக்ட் இருக்குன்னு சொல்லி மார்ச் வரைக்கும் அப்படியே தொங்கவிட்டுட்டேன். இறக்கும்போது ஒரு முனை அப்பளம் மாதிரி கையிலேயே நொறுங்கிடுச்சு.

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறு சங்கிலிகளை அறுக்கும். பரீட்சையில நான் முழு மார்க் வாங்கின பதில் இது. அம்மாவுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. ஆனா பத்து வருஷமா அதை நிழல்ல காய வச்சது அவங்கதான்.

அம்மா திட்டல. "அப்பா வந்தா கேப்பாரு"ன்னு மட்டும் சொன்னாங்க. உடைஞ்ச முனையை ஒட்டி வச்சிருக்கேன். இந்த டிசம்பர்ல அப்பா வர்றார்.