வீடு தேடி வரும் அக்காமார்களுக்கு

தென்காசி வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் மறுவாழ்வுக் களப்பணியாளர்களுக்கு,

ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் பெரியம்மா எழுதுகிறேன். அவன் அம்மா, என் தங்கை, பீடி சுற்றுகிறாள். டவுனில் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் ஹாரன் கேட்டாலே பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். “பிள்ளை வளர்க்கத் தெரியல” என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். இதெல்லாம் தெரிந்துதான் நீங்களே வாசலுக்கு வந்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

வந்த நீங்கள் பையனுக்குப் பாடம் நடத்தவில்லை; என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவன் டம்ளர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். “பக்கத்துல உக்காரு. அடுத்த டம்ளரக் கையில வச்சுக்கோ. ஒண்ணும் சொல்லாத, அவன் என்ன பாக்கான்னு பாரு” என்றீர்கள். டம்ளருக்குக் கை நீண்டது. சற்றுப் பொறுத்துக் கண் அவள் முகத்துக்கு வந்தது. அந்தப் பார்வையையே பேச்சாக எடுத்துக்கொண்டு, “இந்தா, டம்ளர்” என்று பதில் சொல்ல அவள் பழகினாள். எண்ணெய் தேய்க்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அதே பாடம்தான். நீங்கள் இருப்பது சிறிது நேரம். அம்மா நாள் முழுக்க இருக்கிறாள். அதனால்தான் நீங்கள் போன பிறகும் பயிற்சி நிற்பதில்லை.

டாக்டர் அல்லாதவர்கள் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு விடை உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள், பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்துப் பேசினார்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பிள்ளையின் போக்கை அறிந்து பதில் தருவது பெற்றோரிடம் கூடியது. பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. நம் பக்கத்தில், எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பிவருகிறது.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. “ராத்திரி தூங்குனியா?” என்று என் தங்கையைக் கேட்டீர்கள். அவள் மாமியாரையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து, இது யார் செய்த பாவமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை என்று விளக்கினீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் உண்டு. பராமரிப்பவரின் மனநலமும் அதில் ஒரு பாடம். தாய் தளர்ந்துபோனால் மற்ற பாடமெல்லாம் நின்றுவிடும் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

வெயிலில் நடந்து, வாசலில் காத்திருந்து, சில வீடுகளில் “போயிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டும் மறுபடி வருகிறீர்கள். இதைத் தொண்டு என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தில் கைவைப்பது நியாயமில்லை. நிதி தீர்ந்ததும் முடிந்துபோகும் திட்டமாகவும் உங்கள் வேலை இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இது நிரந்தரப் பணியாக வேண்டும். நிலையான சம்பளமும் பயணப்படியும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு வல்லுநரும் உங்களுக்கு வேண்டும். பெற்றோர் கூடும் இடமெல்லாம் இதைக் கேட்போம். உங்களுக்கு நாங்கள் பட்ட கடனை அப்படித்தான் அடைக்க முடியும்.


ஒரு பெரியம்மா