சாதிச் சான்றிதழில் ஒரு பழங்குடி

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் கேட்கும் தாளுக்குப் பேச்சு வழக்கில் 'சாதிச் சான்றிதழ்' என்றுதான் பெயர். கோட்டாட்சியர் கையெழுத்திட்ட அந்தத் தாள் சொல்வதோ, இவர் 'மலையாளி' என்ற பட்டியல் பழங்குடி என்று. ஆங்கிலத்தில் காஸ்ட் வேறு, டிரைப் வேறு. இங்கே இரண்டும் ஒரே தாளில் எப்படிக் குடியேறின என்று தேடத் தொடங்கினேன்.

காஸ்ட்டின் வேர் போர்த்துக்கீசியரின் 'காஸ்டா'. குலவழி என்று பொருள். விலங்குக்கும் பயிருக்கும்கூட அதைச் சொல்வார்கள். நாம் உயர்சாதி நாய் என்பதில்லையா, அப்படி. டிரைப்பின் கதைதான் சுவையானது. லத்தீன் 'டிரிபுஸ்' காட்டு மக்களைக் குறித்த சொல்லே அல்ல; ரோமானியக் குடிமக்களின் பிரிவு அது. பிற்காலத்தில் 35 டிரிபுஸ்கள் இருந்தன. பெரும்பாலும் வசிக்கும் பகுதியை வைத்துப் பிரித்து, வாக்களிக்க வைத்தார்கள். அந்தப் பழைய பொருளில் பார்த்தால் ஆலத்தூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று மலையைப் பங்கிட்டிருக்கும் ஒவ்வொரு நாடும் ஒரு டிரைப்தான்!

அடுத்து, தென்னிந்திய மக்களைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன். கா. ரங்காச்சாரி துணையோடு அவர் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இரண்டு சொற்களும் இருக்கின்றன. எது சாதி, எது பழங்குடி என்று பிரித்து அடுக்கவில்லை. எல்லாரையும் அகரவரிசையில் கலந்துவிட்டார். நான்காம் தொகுதியில் மலையாளிகள் வருகிறார்கள். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. பெயருக்கு மலைவாழ் மக்கள் என்று பொருள்; தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர் நாங்கள், அண்ணன் தம்பி மூவர் வழி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. பெயரோடு கவுண்டர் பட்டமும் உண்டு. ஆதிக்குடிகள் அல்லர், சமவெளியிலிருந்து ஏறியவர்கள் என்றே தர்ஸ்டனும் எழுதினார்.

சட்டம் தெளிவு தரும் என்று நம்பி அரசியலமைப்பின் 366ஆம் பிரிவுக்குப் போனேன். பட்டியல் சாதியை விளக்கும் இடத்திலேயே 'சாதிகள், இனங்கள் அல்லது பழங்குடிகள்' என்று போட்டிருக்கிறது! பட்டியல் பழங்குடி யார் என்றால், 342ஆம் பிரிவின்படி அப்படிக் கருதப்படுபவர்கள். இலக்கணம் கிடையாது, பட்டியல்தான். 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னது. அவற்றில் ஒன்று, வெளியாரோடு பழகக் கூச்சம். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேட்டில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். மலை மக்களுக்கு இட ஒதுக்கீடு தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. நிலமும் படிப்பும் சாலையும் அவர்களுக்கு எட்டாமல் இருந்த காலம் நீண்டது. அதை அளக்கக் கூச்சம் ஓர் அளவுகோலா?

பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே அது உள்ளே. பர்கூர் மலை பட்டியல் எழுதியபோது கோயம்புத்தூர் மாவட்டம், இன்று ஈரோடு. ஆகவே அங்குள்ள மலையாளிகள் வெளியே. பல ஆண்டுகளாக அவர்கள் கேட்டுவருவது, தங்கள் மாவட்டத்தின் பெயரையும் அந்த அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்லித்தான்.