சொத்தைக் கத்தரிக்கா

நெல்லித்தோப்பு மார்க்கெட்ல கத்தரிக்கா பொறுக்கிட்டு இருந்தேன்.

"சார்!"

கடைசி பெஞ்ச் பையன். ரெண்டு வருஷமா கிளாஸ்ல வாயே திறக்காதவன்.

போன வாரம் ஏஐ எழுதின பாரதி கட்டுரையைக் கொடுத்து, "தப்பைக் கண்டுபிடிங்க"ன்னு சொல்லியிருந்தேன்.

"சார், பாரதி 1918ல புதுச்சேரிக்கு வந்தார்னு போட்டிருக்கு. வந்தது 1908 சார். 1918 கிளம்பின வருஷம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டேன்!"

பூரிச்சுப் போயிட்டேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தா, பையில பாதி சொத்தை.

மெஷின் தப்பு பண்ணதும் முழிச்சுக்கிட்டாங்க பசங்க.
பதினஞ்சு வருஷமா நானும் போர்டுல எவ்வளவோ தப்பு எழுதியிருப்பேனே...

அப்பல்லாம் தூங்கிட்டு இருந்தாங்களா, இல்ல மரியாதைக்கு விட்டுட்டாங்களா?