லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை

லெச்லேடுக்கு மேலே தேம்ஸ் நதி ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மோட்டார் படகுகள் கிளம்புவது ஏறத்தாழ இங்கிருந்துதான். நாம் ஏறும் படகு ஃப்ரீமன் 22. நீளம் 22 அடி. கடலே கண்ணில் படாத லெஸ்டர்ஷயரில், ஹிங்க்லி என்ற ஊரில் ஜான் ஃப்ரீமன் நிறுவனம் கட்டியது. நம் மீனவர்கள் ‘ஃபைபர்’ என்கிறார்களே, அதே சரக்குதான்: அச்சில் கண்ணாடியிழையை விரித்துப் பிசினூட்டி இறுகவிடுவது. உள்ளே மட்டும் பளபளக்கும் மரவேலை, படுக்கை, அடுப்பு. அந்த மரத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

மயங்கியவர்கள் மூக்கையும் பழக்க வேண்டும். இதில் பெரும்பாலும் இருப்பது படகுக்கென மாற்றியமைத்த ஃபோர்டு கார் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். மூடியைத் திறந்து, காற்றாடவிட்டு, முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

முதல் லாக், செயின்ட் ஜான்ஸ். இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை வடியவிட்டுக் கீழே இறக்கும் தொட்டி. கரையில் மண்வெட்டியுடன் சாய்ந்திருக்கிறார் தேம்ஸ் தாத்தா. 1854இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி மாளிகைக்காக ரஃபாயெல்லே மொன்டி செய்த சிலை. டெடிங்டன் வரை இப்படி 44 லாக்குகள். மணிக்கு 8 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டு வரை பசுக்களும் வளைவுகளும்தான். சின்னப் படகுகளின் ராஜ்ஜியம். காரணம், ஆக்ஸ்ஃபர்டிலுள்ள ஓஸ்னி பாலம். அதனடியில் ஏழரை அடிதான் இடைவெளி. பெரிய படகுகளுக்குத் தலை இடிக்கும். ஃப்ரீமன் குனியாமலே நுழைந்துவிடும். தாண்டியதும் மாடி வைத்த படகுகள் எதிர்ப்படும். நம்முடையது சட்டென்று பொம்மையாகிவிடும். ஆனால் நாம் பார்த்த மேல்நதியை அந்த மாடிக்காரர்கள் தங்கள் படகில் வந்து பார்க்க முடியாது!

அபிங்டன், வாலிங்ஃபோர்டு, ஹென்லி. மெய்டன்ஹெட்டில் பொறியாளர் புரூனல் கட்டிய ரயில் பாலம், 1839இல் திறந்தது. 128 அடி அகலத்தை ஒரே தாவில் கடக்கும் தட்டையான செங்கல் வளைவுகள் இரண்டு. விழுந்துவிடும் என்றார்கள், ரயில் இன்றும் ஓடுகிறது. பிறகு விண்ட்சர் கோட்டை, 1215இல் மாக்னா கார்ட்டா சாசனம் பிறந்த ரன்னிமீட் புல்வெளி.

டெடிங்டனில் கதவு திறந்தால் அந்தப் பக்கம் கடலின் ஏற்றவற்றம். இறங்குநீரின் இழுப்பு லண்டன் பாலத் தூண்களை நோக்கி. ஒற்றைப் பழைய இன்ஜின் அங்கே நின்றுபோனால், நங்கூரத்தைத் தவிரப் படகை நிறுத்த வேறு கருவியில்லை. அதுவும் போதுமான சங்கிலியும் முன்தளத்தில் தயாராக இல்லையென்றால், இந்தப் பக்கமே கட்டிவிட்டு ரயிலில் லண்டன் போங்கள்.